பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்

பேருந்துப் பணிமனையில் என்னை நேரில் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கழுகு என்பார்கள். எனக்குத் தெரியாது என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கருவி அறை என் பொறுப்பு. அங்கே ஒரு சுவர் முழுக்கக் கறுப்புப் பலகை. அதில் ஒவ்வொரு கருவியின் உருவமும் மஞ்சள் பெயிண்டில் வரைந்திருக்கும். கருவி வேண்டுமென்றால் மெக்கானிக் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை ஜன்னல் வழியே நீட்ட வேண்டும். நான் கருவியைக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் வில்லையைத் தொங்கவிடுவேன். எது யாரிடம் இருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். கருவியும் இல்லாமல் வில்லையும் இல்லாமல் வெறும் மஞ்சள் மட்டும் தெரிந்தால் கருவி தொலைந்துவிட்டது, தொலைத்தது நான் என்று அர்த்தம். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு மஞ்சள் தெரிந்ததில்லை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அறை வாசலுக்கு மேலே ஒரு பழைய பேருந்தின் ஹாரன் இருக்கிறது. அதற்கு ஒரு கதை உண்டு. முன்னால் இருந்த போர்மேன் மகா கோபக்காரர். யாராவது கருவியைத் தொலைத்தால் எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கத்துவார், கைக்குக் கிடைத்ததை எறிவார். அதனால் கருவிகள் தொலைவது நின்றதா என்றால், இல்லை. தொலைத்தவர்கள் கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து சத்தமில்லாமல் மாட்டினார்கள். பலகை எப்போதும் நிறைந்தே இருந்தது. கடைசியில், அப்படித் தொலைந்த ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிரேக் மிதிக்கு அடியில் உருண்டுபோய்ச் சிக்கிக்கொண்டது. வண்டி ஒரு சுவரில் போய் மோதி டிரைவருக்குக் கால் முறிந்தது. பயணிகள் இறங்கிய பிறகு நடந்ததால் அத்தோடு போயிற்று.

அடுத்து வந்த போர்மேன் குள்ளமான மனிதர், குரலே எழும்பாது. வந்த முதல் வாரமே அந்த ஹாரனை மாட்டினார். கருவியைத் தொலைத்தவர் அவரே வந்து அதை அழுத்த வேண்டும். சத்தம் கேட்டதும் எந்த வண்டியும் வெளியே போகாது, எல்லோரும் சேர்ந்து தேடுவார்கள். ஒருவரும் திட்டக் கூடாது. கிடைத்ததும், ஹாரன் அழுத்தியவருக்கு எல்லோரும் மூன்று முறை கைதட்ட வேண்டும். கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆறே மாதத்தில் கடை ஸ்பேனர்கள் பலகையிலிருந்து மறைந்துவிட்டன. ஹாரனை அழுத்தாதவர்களே இல்லை என்று ஆகிவிட்டது, என்னைத் தவிர.

இதெல்லாம் வேலையில். வீட்டில் நான் பழைய போர்மேன்.

எனக்கு ஒரே மகள், ஒன்பது வயது. அவளுடைய அப்பா அவளுக்கு இரண்டு வயதில் வாலு என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. உண்மையில் அந்த வால் எப்போதோ சுருண்டுவிட்டது. சமையலறை ஆணியில் ஒரு மர ஸ்கேல் தொங்கும். மதிப்பெண் குறைந்தால், பொருளைத் தொலைத்தால், பொய் சொன்னால் அது கீழே இறங்கும். அவளுடைய அப்பா அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். நான் ஸ்கேலை எடுத்தால் அவர் டீவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்.

ஒரு நாள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையை உயர்த்தினேன். கீழே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று குனிந்து, முழங்கையால் தலையை மறைத்துக்கொண்டு, "நான் இல்லம்மா," என்றாள். எது அவள் இல்லை என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை. எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. சிரித்தேன் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்பேனர் தொலைந்த நாளன்று மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அவளுடைய வகுப்பு ஆசிரியை பேசினார். வாலு கணக்குப் பரீட்சைத் தாளில் என் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்திருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பதில் தெரிந்தாலும் அவள் கை தூக்குவதில்லை, எழுதியதையே தாள் கிழியும்வரை அழித்து அழித்து எழுதுகிறாள், பக்கத்தில் நாற்காலி விழுந்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது என்று ஆசிரியை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் பாதியைத்தான் கேட்டேன். பிறகு அவர் நேராகவே கேட்டார்.

"வீட்ல அடிப்பீங்களா?"

"எங்கப்பா என்னைப் பெல்ட்டால அடிச்சுத்தான் வளர்த்தாரு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா உங்க பொண்ணு மறைக்கறதை நல்லாக் கத்துக்கிட்டா. கணக்கைத்தான் கத்துக்கல."

போனை வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் தோலை உரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். எத்தனை அடி என்பதுகூட மனதுக்குள் தீர்மானமாகிவிட்டது.

இரண்டரை மணிக்குப் பலகையைச் சரிபார்க்க எழுந்தேன். பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரின் இடத்தில் வெறும் மஞ்சள் தெரிந்தது. வில்லை இல்லை. மேஜையில், தரையில், என் சட்டைப்பையில், எங்கும் இல்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. ஆசிரியையிடம் நான் எகிறிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே ஒரு கை நீண்டது, பத்தொன்பது என்று ஒரு குரல் கேட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். வில்லை வாங்கவில்லை. யாருடைய கை என்றுகூடப் பார்க்கவில்லை.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. தேய்ந்துபோன கருவிகளுக்குப் பதிலாக மாட்டுவதற்கென்று இழுப்பறையில் புதுக் கருவிகள் இருக்கும். என் கை தானாகவே இழுப்பறையைத் திறந்தது, புதுப் பத்தொன்பதை எடுத்தது, மஞ்சளின் மேல் மாட்டியது. பளபளப்பு தெரியாமல் இருக்க அழுக்குத் துணியால் இரண்டு முறை தேய்த்தும் விட்டேன். காது இரண்டும் சூடாகிவிட்டன. எனக்கு முப்பத்தெட்டு வயது, அப்பா இறந்து பத்து வருஷம் ஆகிறது. இந்தப் பணிமனையில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. இருந்தும் அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் பெல்ட்டை உருவிக்கொண்டு நிற்பதுபோல் அவசரம் அவசரமாக மறைத்தேன். மறைத்து முடித்ததும், சின்ன வயதில் வருகிற அதே நிம்மதி வந்தது. தப்பித்தாயிற்று.

பதிவேட்டைத் திறந்து, 'அனைத்தும் சரி' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

போட்ட கையெழுத்தைப் பார்த்தேன். இதைத்தானே அவளும் போட்டிருக்கிறாள். நான் எதற்காக அவள் தோலை உரிக்கப் போகிறேனோ, அதையே பேனா மூடியைக்கூட மூடாமல் இப்போதுதான் நான் செய்திருந்தேன். அவளுக்காவது ஒன்பது வயது, ஸ்கேலுக்குப் பயம். எனக்கு என்ன கேடு? நான் கெட்டுப்போகவில்லை என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் ஜம்பமாகச் சொல்லியிருந்தேன். கெட்டுத்தான் போயிருக்கிறேன். இத்தனை வருஷம் தப்பே செய்யாமல் பார்த்துக்கொண்டதால் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு தப்பு வந்ததும் உள்ளே இருந்த சிறுமி எழுந்து வந்து வேலையைக் காட்டிவிட்டாள்.

வெளியே எட்டாம் நம்பர் வண்டி உறுமியது. மூன்று மணிக்குப் போக வேண்டிய வண்டி, பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிற வழித்தடம். அன்று காலையிலிருந்து அதற்குத்தான் பிரேக் வேலை நடந்தது.

நான் ஓடவில்லை என்று சொன்னால் பொய். ஸ்டூலைத் தட்டிவிட்டு ஓடினேன். வாசலுக்கு மேலே கையை நீட்டி ஹாரனை அழுத்தினேன். விட மனம் வராமல் அழுத்திக்கொண்டே நின்றேன். பணிமனை முழுக்க அப்படியே நின்றுபோயிற்று. எட்டாம் நம்பர் டிரைவர் எஞ்சினை அணைத்தார். வண்டிகளுக்கு அடியிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஹாரனுக்குக் கீழே நிற்பது யார் என்று பார்த்தன. எங்களிடம் நெட்டையாக ஒரு பிரேக் மெக்கானிக் உண்டு, ஒட்டகம் என்று கூப்பிடுவோம். அவன் வாயைப் பிளந்துகொண்டு, "அக்காவா?" என்றான்.

போர்மேன் மெதுவாக நடந்து வந்தார். அவர் கையை அசைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத்தான் சரிசெய்தார்.

"நான்தான்," என்றேன். "வில்லை வாங்காம குடுத்துட்டேன். அப்புறம் புதுசு ஒண்ணை மாட்டி மறைச்சுட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன்."

அவர் எந்த நம்பர் என்று மட்டும் கேட்டார். பத்தொன்பது என்றேன். எல்லோரையும் பார்த்துத் தேடுங்கள் என்றார்.

பத்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. எட்டாம் நம்பர் வண்டியின் பின்சக்கரத்துக்கு உள்ளே, பிரேக் குழாயின் மேல், கிரீஸில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. முதல் மேடு பள்ளத்தில் எங்கே விழுந்திருக்குமோ, எதை வெட்டியிருக்குமோ, சொல்ல முடியாது. அதை வெளியே எடுத்த ஒட்டகம் தலையைச் சொறிந்துகொண்டு, ஜன்னலில் நீண்ட கை தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டான்.

போர்மேன் முதலில் தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். மூன்றே மூன்று முறைதான். இரும்புக் கூரை அதிர்ந்தது. என் வாழ்நாளில் ஒரு தப்பைச் சொன்னதற்காக எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். வெட்கமாக இல்லை. அப்புறம் போர்மேன், மறைத்ததற்கு ஒரு வாரம் தினமும் நானே பலகையை முழுக்கத் துடைக்க வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான் என்று பட்டது.

வீட்டுக்குப் போனபோது வாலு படுக்கையறைக் கதவோரம் நின்றிருந்தாள். பார்த்தால் ஆள் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தப் புழுக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று பேன்ட் போட்டிருந்தாள். ஆசிரியை போன் செய்த விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அடிக்குத் தயாராக நிற்கிறாள். பணிமனையில் அழுது தீர்த்துவிட்டேன் என்று நினைத்தேன். தீரவில்லை.

தரையில் உட்கார்ந்து அவளையும் உட்காரச் சொன்னேன். ஸ்பேனர் கதையை முதலிலிருந்து சொன்னேன். புது ஸ்பேனரை அழுக்குத் துணியால் தேய்த்த இடத்தில் அவள் கண் விரிந்தது. அந்த வித்தை அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

"ஹாரன் அடிச்சதும் உன்னை அடிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஏன்?"

"அடிப்பாங்கன்னா நான் ஹாரனைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஸ்பேனரும் கிடைச்சிருக்காது." அப்புறம் சொன்னேன், "நான் உன்னை அடிச்சது தப்புடி. நான்தான் தப்பு பண்ணேன், நீ இல்ல."

அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? வெகுநேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கையெழுத்து ஒண்ணு இல்லம்மா, நாலு," என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அப்புறம் என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய் ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து வந்தாள். என் உடைந்த சீப்பு, கைப்பிடி போன கோப்பை, முள் கழன்ற கடிகாரம், நான் வேலைக்காரப் பெண் எடுத்திருப்பாள் என்று சந்தேகப்பட்ட என் நல்ல கத்தரிக்கோல், பூஞ்சை பிடித்த சாப்பாட்டு டப்பா ஒன்று, இன்னும் என்னென்னவோ. ஒன்றரை வருஷத்துத் தப்புகள். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, எப்படி உடைந்தது என்று சொன்னாள். ஐந்தாவது பொருளுக்கு வரும்போது குரல் நன்றாகவே எழும்பியது. ஏழாவதுக்கு லேசாகச் சிரித்தாள். நடுவில் எழுந்துபோய் இரண்டு பேன்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள்.

அவளுடைய அப்பா டீவியை அணைத்துவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்," என்றார். வாலுதான் அவருக்குக் கைதட்டினாள், மூன்று முறை.

கையெழுத்து விஷயத்தை அவளே ஆசிரியையிடம் போய்ச் சொல்ல வேண்டும், நாலு தாளையும் திரும்ப எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. முனகினாள், ஆனால் செய்தாள்.

மறுநாள் ஸ்கேலைப் பணிமனைக்கு எடுத்துப் போனேன். எஞ்சின் பெல்ட் அளக்க ஆகும் என்று போர்மேன் சம்மதித்தார். பலகையின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்டில் அதன் உருவத்தை வரைந்து, ஆணி அடித்து மாட்டினேன். யார் கேட்டாலும் பணிமனைக்குள் கொடுப்பேன். அது வெளியே போக வேண்டுமென்றால், யாருக்கும் தராமல் சும்மா கிடந்த நாற்பத்தொன்றாம் எண் வில்லை வேண்டும். அந்த வில்லையை நூலில் கோத்து வாலுவின் கழுத்தில் போட்டேன். விதியை விளக்கியபோது, வில்லையைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

ஒரே நாளில் நான் மகாத்மா ஆகிவிடவில்லை. ஒரு மாதம் கழித்து, அவள் என் சீருடைச் சட்டையில் மை கொட்டிவிட்டாள். வேலைக்குக் கிளம்புகிற நேரம். கையை ஓங்கிவிட்டேன். அவள் முகம் வெளுத்தது, முழங்கை பாதிதூரம் எழும்பியது. ஆனால் அங்கேயே நின்றது. அந்தக் கை மெல்ல இறங்கி, கழுத்தில் இருந்த வில்லையை எடுத்து என் முன்னால் நீட்டியது.

"அம்மா, வில்லை என்கிட்ட இருக்கு."

என் கை அந்தரத்தில் நின்றது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தப்பு இப்போது என்னுடையது, ஹாரனோ இங்கே இல்லை. வேறு வழியில்லாமல் வாயாலேயே "பாஆஆம்" என்று ஹாரன் அடித்தேன். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வாலு மைக்கறை படிந்த கையாலேயே மூன்று முறை தட்டினாள். மைக்கறைச் சட்டையோடுதான் அன்று வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாய் ஹாரன்தான் சட்டம்.

ஆறு மாதம் ஆயிற்று. பெற்றோர்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கும் நாள் ஒன்று வந்தது. ஆசிரியை ஒரு கணக்கைப் போட்டார். முதல் கை வாலுவுடையது. எழுந்து நின்று கணீரென்று தப்பான விடையைச் சொன்னாள். வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவே இல்லை. எங்கே தப்பு என்று கரும்பலகையைப் பார்த்து உதட்டுக்குள் கணக்குப் போட்டாள், மறுபடி கையைத் தூக்கினாள். இந்த முறை சரி. ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். இவள் என் மகள், எல்லோர் முன்னாலும் தப்பு செய்யத் தெரிந்தவள் என்று எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் ஏதோ சிதறுகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடியே, "பாஆஆம்! நான்தான்!" என்று வீடு அதிர ஒரு ஹாரன். போய்ப் பார்த்தேன். என் அம்மா கொடுத்த கண்ணாடி ஜாடி, வீட்டிலேயே எனக்குப் பிடித்த பொருள், தரை முழுக்கச் சில்லுகளாகக் கிடந்தது. நடுவில் அவள் அசையாமல் நின்றிருந்தாள். காலில் குத்திவிடும், அப்படியே நில் என்றேன்.

துடைப்பம் அவள் தலைக்கு மேலே ஆணியில் இருந்தது. கையை வேகமாக உயர்த்திவிட்டேன். உயர்த்திய பிறகுதான் எனக்கே பக்கென்றது.

அவள் குனியவில்லை. முழங்கை எழும்பவில்லை. கண்ணைக்கூட இமைக்காமல், தலைக்கு மேலே போன என் கைக்குக் கீழே நிமிர்ந்து நின்றுகொண்டு, ஜாடி எந்தப் பக்கமாக வழுக்கியது, எந்த விரல் தவறவிட்டது, பிடிக்கப் போய் எப்படி இன்னொரு தட்டும் விழ இருந்தது என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நான் தட்டினேன். மூன்று முறை என்பது விதி. எத்தனை முறை தட்டினேன் என்று எண்ணவில்லை.